நிழல் விழும் வீடுகள்

அன்புள்ள சின்ன மகளுக்கு,

உன் அப்பா கடையிலிருந்து எழுதுவது. நானும் அம்மாவும் அக்காவும் நலமாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்ததும் நேராக அறைக்குப் போய்த் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு என்ன வந்தது, பேனாவைத் தூக்கிவிட்டார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் காதுக்குப் போகாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால்தான் சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும்.

வியாபாரம் மோசமில்லை. நம் கடைக்கு எதிரே ஒருவன் புதிதாக டைல்ஸ் கடை போட்டிருக்கிறான். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் சல்யூட் அடிக்க ஓர் ஆள். சனங்கள் உள்ளே போய் நன்றாகக் குளிரக் குளிர நின்றுவிட்டு, வெளியே வந்து என்னிடம் ஆணி வாங்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். உன் அக்கா மறுபடி கடைக்கு வருகிறாள். காலையில் வந்து பெயிண்ட் கலக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். கை மறக்கவில்லை. போன வாரம் ஒரு பெண் பழைய கோட்டுப் பொத்தான் ஒன்றைக் கொண்டுவந்து, இந்த நிறத்தில் கதவுக்கு வேண்டும் என்றாள். மெஷின் புத்தகத்தில் அந்த நிறம் இல்லை. இவள் பொத்தானை வெளிச்சத்தில் இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள், கலக்கினாள், மூடியில் தடவிக் காய்ந்ததும் பொத்தானை அதன் மேல் வைத்தாள். பொத்தான் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அவள் லேசாகச் சிரித்த மாதிரி எனக்குப் பட்டது.

இன்னொன்று. பைப் குடோன் மாடியில் அவள் இருக்கும் அறைக்கு வெள்ளை பெயிண்ட் ஒரு டின் கேட்டாள். நீ இங்கே இருந்தபோது பார்த்தாயே, உன் அத்தானின் காரியம் முடிந்த கையோடு, அந்த வாடகை வீட்டிலும் இருக்க மாட்டேன், உங்கள் வீட்டுக்கும் வர மாட்டேன் என்று பெட்டியோடு குடோன் மாடி ஏறியவள். இப்போது சுவருக்கு வெள்ளை அடிக்கிறாள் என்றால் மனம் தேறுகிறது என்றுதானே அர்த்தம். நான் நல்ல சரக்காகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு சுவருக்குத்தான் அடித்திருக்கிறாள். மீதியை அப்புறம் அடிப்பாள் போல.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன பிறகுதான் குன்றின் மேல் காற்றாலை சுற்ற ஆரம்பித்தது. ஊருக்கே சொந்தமான காற்றாலை. தூரத்துக் கம்பெனிக்காரன் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனதல்ல. எல்லா வீட்டுக்கும் அதில் பங்கு, எல்லா வீட்டுக்கும் அதிலிருந்து கரண்ட். உன் அத்தான் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அந்தக் குன்றைவிட்டு இறங்கியிருக்க மாட்டார். ஒரு சாதாரண ஒயர்மேன் வீடு வீடாக ஏறி இறங்கி ஊரையே சம்மதிக்க வைத்தாரே, அதைச் சும்மா சொல்ல முடியாது. நிழல் விழும், இருட்டும், கோழி முட்டையிடாது, குழந்தைக்குத் தலை சுற்றும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மேற்கே வெயில் இறங்கும் நேரத்தில் இறக்கையின் நிழல் கீழ்த்தெரு வீடுகளுக்குள் வந்து போகும் என்பது உண்மைதான். அவர் அதை மறைக்கவில்லை. ஒரு டேபிள் ஃபேனையும் ஒரு டார்ச் லைட்டையும் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். ஜன்னலை மூடி, ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்து, அவர்கள் சுவரிலேயே நிழலைக் காட்டினார். "இவ்வளவுதான் வரும். பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்த நேரத்துக்கு நிறுத்திடலாம்" என்று சொன்னார். அப்படி ஒரு விதியைக் காற்றாலைச் சங்கத்தில் எழுதியும் வைத்தார். ஊர் மசிந்தது அந்த விதிக்குத்தான்.

அதனால் இப்போது சனங்கள் அந்தக் காற்றாலைக்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? மாப்பிள்ளை. கடைக்கு வந்து என்னிடமே கேட்கிறார்கள். "என்ன முதலாளி, மாப்பிள்ளை இன்னைக்கு சும்மா நிக்கிறாரு?" "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு நல்ல வேகம்!" அன்பில்தான் சொல்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். வாடிக்கையாளர்கள், என்ன செய்வது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சாவி வாங்க அக்காவின் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அறை முழுக்க வெளிச்சம் வந்தது, போனது, வந்தது, போனது. வெளியே யாரோ ஜன்னலைக் கடந்து நடந்துகொண்டே இருப்பது போல. நான் வாசலில் நின்று "யாரது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் மாடியில் ஜன்னலுக்கு வெளியே யாரும் நடக்க முடியாது என்று உறைத்தது. அவள் திரும்பவே இல்லை.

அந்த ஆட்டத்தில் எனக்கே தலை சுற்றியது. தினமும் அதில் உட்கார்ந்திருந்தால் அவள் கதி என்னாவது? நிழல் விழும் வீடுகளை வரைபடம் போட்டபோது அது வெறும் குடோன். யாரும் குடியில்லை என்று நானே சொன்னேன், அன்றைக்கு அது சரிதான். அதனால் அந்தக் கட்டிடத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இனி எடுக்கவைப்பேன். கட்டிடம் என் பெயரில் இருக்கிறது, நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. வரும் சங்கக் கூட்டத்தில் பேசப்போகிறேன்.

நீ அவளிடம் பேசி நாளாகிறது. போகும்போது நீ சொன்னதும், அவள் பதிலுக்குச் சொன்னதும் இருக்கட்டும். என்னோடு வந்துவிடு என்றுதான் நீ கூப்பிட்டாய். அதில் தப்பில்லை. அவள் வாயும் சும்மா இல்லை. ஒரு போன் போடு. உடம்பைப் பார்த்துக்கொள். தூக்கத்தில் மட்டும் கஞ்சத்தனம் செய்யாதே.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா

*

அன்புள்ள சின்ன மகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. நீ கேட்டவற்றுக்கு எல்லாம் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் சாப்பிடுகிறாளா என்றால் சாப்பிடுகிறாள். தூங்குகிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ போன் போட்டதாகவும் அவள் எடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். என்னிடமும் அவள் இப்போது அதிகம் பேசுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கூட்டம் பேக்கரியின் பின்பக்கம் மாவு மூட்டைகளுக்கு நடுவே நடந்தது. பேக்கரியம்மாதான் இப்போது சங்கத் தலைவி. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கையில் மாவோடுதான் கூட்டம் நடத்துகிறாள். ஆனால் ஒரு வார்த்தை வீணாகப் பேச விடமாட்டாள். நான் எழுந்து, என் கட்டிடத்தில் என் மகள் இருக்கிறாள், நிழல் அவள் உடம்பைக் கெடுக்கிறது, அந்த நேரத்துக்குக் காற்றாலையை நிறுத்த வேண்டும் என்றேன். உடனே பஞ்சர் கடைக்காரர் எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் முதல் ஆளாக எழுந்து "எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்பார் அல்லவா, ஊரே இப்போது அவரை ஆட்சேபணை என்றுதான் கூப்பிடுகிறது. அவர் பெண்டாட்டிகூட "ஆட்சேபணை சாப்பிட வரலையா?" என்று கேட்பதாகக் கேள்வி. "குடோன்னு சொல்லிட்டு இப்ப வீடுங்கிறாரு, நாளைக்கு நானும் டயர் ஷெட்ல படுத்துக்கிட்டு நிறுத்துன்னு சொல்லவா?" என்றார். அவர் வீடு குடோனுக்கு அடுத்த வீடு. நான் விடவில்லை. வியாபாரத்தில் பேரம் பேசிப் பழகின வாய். கடைசியில் பேக்கரியம்மா கை தூக்கச் சொன்னாள். என் பக்கம் கைகள் அதிகம்.

காற்றாலையைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினியர் பெண் மறுநாளே கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். வெயில் நம் குடோன் பக்கம் நிழலைத் தள்ளும் நேரம் வந்தால் காற்றாலை தானாக நின்றுவிடும். வெயில் நகர்ந்ததும் தானாகச் சுற்றும். முதல் நாள் நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். இறக்கை மூன்றும் வேகம் குறைந்து, குறைந்து, சத்தமில்லாமல் நின்றன. பெரிய காரியம் சாதித்துவிட்டேன் என்று நினைத்து ஒரு டீ குடித்தேன்.

மறுநாள் அக்கா கடைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கடை நிறைய ஆள் இருந்தபோது படியேறி வந்தாள். காலில் செருப்பு இல்லை. பெயிண்ட் டின்களுக்கு நடுவே நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், என்னை மட்டும் பார்த்து, "ஏம்ப்பா அவரை நிக்க வெச்சீங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. யாரம்மா, எங்கே என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ நர்ஸ், இதெல்லாம் கேட்டிருப்பாய். "தினமும் வருவாருப்பா. பழைய வீட்டுல ஜன்னலைக் கடந்துதானே வாசலுக்கு வருவாரு, அதே மாதிரி. நடந்துட்டே இருப்பாரு, உள்ள மட்டும் வர மாட்டாரு. வந்துடுவாருன்னு நான் கதவைத் திறந்து வெச்சிருந்தேன். நீங்க போய் நிறுத்திட்டீங்க. இப்ப சுவத்துல அப்படியே நிக்கிறாரு. அசையவே மாட்டேங்கிறாரு. நின்னா அவருக்குக் கால் வலிக்கும்ப்பா, உங்களுக்குத் தெரியாதா?"

கடையில் ஆணி எண்ணிக்கொண்டிருந்தவன் எண்ணுவதை நிறுத்திவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. நான் அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, ஆட்டோவில் ஏற்றி, நானும் கூடப் போனேன். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

காற்றாலை நின்றுவிட்டால் நிழல் போய்விடும் என்று நான் எப்படி நினைத்தேன்? தூணும் இறக்கையும் எங்கே போகும்? வெள்ளைச் சுவரின் நடுவே உயரமாக ஒரு நிழல். மேலே சற்றுச் சாய்ந்து ஒரு கை மாதிரி. அதுவும் வெயிலோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போது நகர்வது தெரிவதில்லை. முன்பாவது வந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கத் தயங்கும் ஆள் மாதிரி நிற்கிறது. அந்த ஒரு சுவருக்கு மட்டும் அவள் ஏன் வெள்ளை அடித்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நல்ல சரக்காகப் பார்த்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

அது காற்றாலையின் நிழல் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், அதைச் சொல்ல வேண்டும். அவள் பைத்தியமில்லை. "நிழல்னு எனக்குத் தெரியாதாப்பா?" என்று அவளே கேட்டாள். "யாரோட நிழல்னுதான் நீங்க பார்க்க மாட்டேங்கிறீங்க."

வரும் கூட்டத்துக்கு அவளே வரப்போகிறாளாம். டாக்டரிடம் போகலாம் என்றால், சரி, கூட்டம் முடியட்டும் என்கிறாள். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு நாளாக அம்மா குடோன் மாடியில்தான் படுக்கிறாள். இப்படிப்பட்டவர்களிடம் எப்படிப் பேச வேண்டும், ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று எழுது. உன் பதிலைத் தபாலுக்கு விடாதே, போனில் சொல். அம்மா கேட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா

*

என் அன்பு மகளுக்கு,

நீ போனில் சொன்னபடி எல்லாம் செய்து பார்த்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டாக்டரிடமும் கூட்டிப்போனேன். நல்லவர், பொறுமையாகக் கேட்டார், மாத்திரை கொடுத்தார். மாத்திரையைத் தவறாமல் போடுகிறாள். சாயங்காலம் ஆனால் தவறாமல் நிழலைப் பார்க்கப் போகவும் செய்கிறாள். இந்தக் கடிதத்தை நீ படித்து முடித்துவிட்டு உன் மேலதிகாரியிடம் லீவு கேட்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் வளவளவென்று எழுதி உன்னைக் காக்க வைக்க வேண்டாம்.

கூட்டத்துக்கு அவள் வந்தாள். தலை வாரி, சுத்தமாக உடுத்தி வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. பேக்கரியம்மா விஷயத்தை எடுத்ததும் எழுந்து நின்று, நிழல் விழும் அறையில் குடியிருப்பது நான், நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, விதி என்ன சொல்கிறது என்று படிக்கச் சொன்னாள். பேக்கரியம்மா படித்தாள். நிழல் விழும் வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் சொன்னால்தான் நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது. வீட்டுக்காரர் என்ற சொல்லே அதில் இல்லை. வாடகைக்கு இருக்கும் சனங்கள் "எங்களை யாரு கேக்கப் போறா, ஓனரைத்தானே கேப்பீங்க" என்று முணுமுணுத்தபோது உன் அத்தான் தன் கையால் எழுதிய வரி அது. நான் வியாபாரி. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவன் பேச்சுத்தான் பேச்சு என்று நினைத்துப் பழகியவன். அன்றைக்குக் கை தூக்கிய யாரும் அதைக் கவனிக்கவில்லை. "என் தப்புதாங்க முதலாளி, நான் பார்த்திருக்கணும்" என்றாள் பேக்கரியம்மா.

அப்புறம் உன் அக்கா பேசினாள். உரக்கப் பேசவில்லை. "உங்க எல்லார் வீட்டுக்கும் அவர் வந்திருக்காரு. பையைத் தூக்கிட்டு வந்து உங்க சுவத்துல நிழலைக் காட்டினாரு. இப்ப என்கிட்ட வர்றாரு. அவரை நிக்க வைக்காதீங்க. நடக்க விடுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

அடுப்புச் சூட்டில் எல்லோருக்கும் வேர்த்தது. யாரும் விசிறிக்கொள்ளக்கூட இல்லை. எல்லோரும் ஆட்சேபணையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த மனுஷன் எழுந்து நின்று குறுக்கே பேச மாட்டாரா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினேன். எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

ஊர் முழுக்கச் சம்மதம். நான் ஒருவன் மட்டும் கை தூக்கவில்லை. மறுநாளிலிருந்து காற்றாலை நிற்காமல் சுற்றியது. அவளும் காலையில் கடைக்கு வர ஆரம்பித்தாள். நான்கூடக் கொஞ்சம் ஆறிப்போனேன், சரி, ஒரு நிழலைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி நிம்மதியாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று.

ஆனால் வெயில் ஓர் இடத்தில் நிற்பதில்லையே. இன்ஜினியர் பெண் எனக்கு விளக்கினாள். நாள் போகப் போக மேற்கே சூரியன் இறங்கும் இடம் ஒதுங்கும், அதற்கேற்ப நிழலும் தெருவோடு ஒதுங்கும். ஒரு வீட்டில் சில வாரம் இருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம். நம் குடோனை விட்டு நிழல் போய்விட்டால் தீர்ந்தது, இவள் ஒரு வாரம் அழுவாள், அப்புறம் சரியாகிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

நிழல் போனது. அவள் அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு, ஆட்சேபணை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அவர்கள் திறந்தார்கள்.

நான் கேள்விப்பட்டுக் கூட்டிவர ஓடினேன். முன்னறையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், சுவரைப் பார்த்தபடி. சுவரில் இருந்த காலண்டரையும் கல்யாண போட்டோவையும் கழற்றி வைத்திருந்தார்கள். டிவியை அணைத்திருந்தார்கள். எப்போதும் சத்தத்திலேயே கிடக்கும் வீடு மூச்சு விடாமல் இருந்தது. ஆட்சேபணையின் மனைவி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்கண்ணே" என்றாள். அவர் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, "விடுங்க முதலாளி, கொஞ்ச நேரம்தானே, உக்காந்துட்டுப் போகட்டும். இதே சுவத்துலதான் அன்னைக்கு ஃபேனை வெச்சுக் காட்டினாரு. நான்தான் அவரைத் திட்டி அனுப்பினேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரியும் சொல்றா, அந்த நடை அவரு நடைதானாம்" என்றார். அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் என்று வந்தது. அதற்குள் என் கண் திறந்த கதவு வழியாகச் சுவருக்குப் போய்விட்டது. நானும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை.

அப்புறம் அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. எங்கும் கதவு திறக்கிறார்கள். எங்கும் நாற்காலி. இப்போது அவள் வருவதற்கு முன்பே சுவரை ஒழித்து வைக்கிறார்கள். ஒரு வீட்டில் சுவர் அழுக்காக இருக்கிறது என்று என் கடையிலேயே வந்து வெள்ளை பெயிண்ட் கேட்டார்கள். ஸ்டாக் இல்லை என்றேன். பின்னால் அடுக்கி வைத்திருந்ததை அவர்கள் பார்த்தார்கள், சரிங்க முதலாளி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சண்டை போடுகிற ஊராக இருந்தால் சமாளித்திருப்பேன். இவர்கள் அன்பாக இருக்கிறார்கள். அன்பை என்ன செய்வது? ஒருவர் வீட்டிலாவது கதவைச் சாத்தி, போம்மா உன் வீட்டுக்கு என்று சொல்லியிருந்தால் அவள் திரும்பியிருப்பாள்.

இந்த வாரம் பேக்கரியில் இருக்கிறாள். அதுதான் தெருவின் கடைசிக் கட்டிடம்.

அதற்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீர்த்தேக்கம்தான். நீ அங்கேதான் நீச்சல் பழகினாய். அக்கா கரையில் உட்கார்ந்து உன் துணிக்குக் காவல் இருப்பாள். எவ்வளவு சொல்லியும் அவள் கடைசிவரை தண்ணீரில் இறங்கவில்லை.

இன்ஜினியர் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பேக்கரியை விட்டதும் நிழல் தண்ணீர் மேல்தான் விழும் என்றாள். பேக்கரியம்மாவிடம் போனேன். அப்போது மட்டும் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவள் வெகு நேரம் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "குடியிருக்கிறவங்க கேக்கணும்னுதானே விதி முதலாளி. தண்ணியில யாரு குடியிருக்காங்க?" என்றாள். அப்புறம் கையைத் துடைத்துவிட்டு, விதி கிடக்கட்டும், நீங்கள் சொன்னால் நான் நிறுத்தச் சொல்கிறேன், யாரையும் கேட்கவில்லை என்றாள். நல்ல மனுஷி. நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன் அல்லவா. சுற்றினால் அவர் தண்ணீர் மேல் நடப்பார். நிறுத்தினால் நடுத்தண்ணீரில் நிற்பார். சுவரில் நின்றதற்கே கால் வலிக்கும் என்று செருப்பில்லாமல் ஓடிவந்தவள் அவள்.

கரையில் வேலி கிடையாது. நானே கம்பி வேலி போடுகிறேன் என்று நகராட்சியில் கேட்டேன். குடிதண்ணீர் இடம், உடனே முடியாது, மேலே எழுதிக் கேட்க வேண்டும் என்கிறார்கள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள். எத்தனை நாள் பிடிப்பாள்? நேற்று அக்கா எங்களிடம் வழக்கம்போலப் பேசினாள், கடையில் ஒரு நீலத்தைக் கலக்கிக் கொடுத்தாள், நன்றாகச் சாப்பிட்டாள். இவ்வளவு தெளிவாக அவளை நான் பார்த்து நாளாகிறது. அதுதான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

முந்தாநாள் சாயங்காலம் நான் மட்டும் நீர்த்தேக்கத்துக்குப் போனேன். எங்கே விழும், எவ்வளவு தூரத்தில் விழும் என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான். நிழலின் ஓரம் கரையோரத் தண்ணீரைத் தொட்டுவிட்டது. தண்ணீர் மேல் அது சுவரில் தெரிந்தது போல் இல்லை. மெத்தென்று, அவசரமில்லாமல், ஒருவர் பின் ஒருவர் கடந்து போவது போல் இருக்கிறது. உன் அத்தானை நான் மாப்பிள்ளை என்று ஒரு நாளும் வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டேனா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பின்னால் பேக்கரியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தது மட்டும் தெரியும். "என்ன முதலாளி இது, வீட்டுக்குப் போங்க" என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

நான் நட்டும் போல்ட்டும் விற்கிறவன். எனக்கே இப்படி என்றால் அவளுக்கு எப்படி என்று நீ யோசித்துக்கொள்.

அதனால்தான் லீவு கேட்கச் சொல்கிறேன். கேட்டும் கொடுக்காவிட்டால் லீவு இல்லாமலே வா. வேலை போனால் போகட்டும், உனக்கு நான் இருக்கிறேன். அவளை உன்னோடு கூட்டிப்போ. எந்த ஊராக இருந்தாலும் சரி, குன்றில்லாத, ஜன்னல் கிழக்குப் பார்த்த ஓர் அறையில் வைத்துக்கொள். நீ முன்பு கூப்பிட்டபோது அவள் சொன்னதை மனதில் வைக்காதே, அதற்கு அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் பேச்சையும் அம்மா பேச்சையும் அவள் கேட்க மாட்டாள். ஊரின் பேச்சையோ கேட்கவே கூடாது. நீ வந்து கரையில் நின்று, சின்ன வயசில் கூப்பிடுவாயே, அந்த அதட்டலில் ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

மேகம் இருந்தால் நிழல் விழாது. பெயிண்ட் விற்கிறவன், மழைக்காலம் வந்தாலே முகத்தைத் தூக்கிக்கொள்கிறவன், இப்போது காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்து, இன்றைக்கும் மூடியிரு என்று வேண்டிக்கொள்கிறேன். இன்றைக்கு மூடியிருக்கிறது. நாளைக்கு எப்படியோ தெரியாது.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும். உனக்கு ஒரு குறையும் வராது. இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், இரண்டு பேரும். பகலில் வந்து இறங்கும்படி டிக்கெட் எடு. நான் ஸ்டேஷனுக்கு வர முடியாது. சாயங்காலம் ஆனால் அம்மா அவள் ஒரு கையைப் பிடித்துக்கொள்கிறாள். இன்னொரு கையை நான் பிடித்திருக்க வேண்டும். அது அவளுக்காக மட்டும் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும், அவள் கேட்பதில்லை.

சீக்கிரம் வா, கண்ணு.

உன் அப்பா